ஒரு வாரத்தில் இரு புயல்கள்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள கூரம் கடற்கரை ஊரன்று. வங்கக் கடல் அங்கிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆயினும் கூரத்து வயல் விளைவதும் காய்வதும் அக்கடலைப் பொறுத்தே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலில் தாழ்வழுத்தம் தோன்றி மேற்கு நோக்கி நகர்ந்து வந்தால் ஏரி நிரம்பும். வாராது போனால் கோடை பிறக்குமுன்னரே ஏரியின் அடிமண் வெடித்துவிடும். இவ்வுண்மையைப் பல்லவர் நன்கு அறிந்திருந்தனர். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, இவ்வூரில் மன்னன் பெயரால் அமைந்த பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், பாலாற்றிலிருந்து வெட்டப்பட்ட பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் குறிப்பிடுகிறது. ஆண்டில் சில நாட்களே கொட்டும் மழையை ஆண்டு முழுவதும் வைத்து உண்ணுவதற்குச் செய்த ஏற்பாடு அது. அந்தச் சில நாள் மழையில் பெரும்பகுதி கடற்புயல்களும் தாழ்வழுத்தங்களும் கொண்டுவந்து தருவதே.

ஆகவே புயல் என்றவுடன் அழிவை மட்டும் எண்ணுவது உள்நாட்டு உழவருக்கு இயல்பன்று. கரையில் உயிரைப் பறிக்கும் அதே காற்று, கரையைக் கடந்து தளர்ந்தபின் ஏரிக்கு நீராகிறது. எனினும் சில ஆண்டுகளில் இந்த அளவு தவறிவிடுகிறது. நாட்டார் நினைவில் தனித்து நிற்கும் அத்தகைய ஆண்டுகளுள் 1977 ஒன்று. அவ்வாண்டு நவம்பரில், ஒரே வார இடைவெளியில் இரு பெரும்புயல்கள் தென்னிந்தியாவின் கிழக்குக் கரையைத் தாக்கின. அவை ஏன் அடுத்தடுத்து வந்தன, ஒன்றில் நூற்றுக்கணக்கிலும் மற்றொன்றில் ஆயிரக்கணக்கிலும் மக்கள் மாண்டது ஏன் என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

அதற்குமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இன்று உலகம் முழுவதும் வழங்கும் 'மான்சூன்' என்னும் சொல், 'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து போர்த்துக்கீசியர் வாயிலாக ஆங்கிலத்திற்குச் சென்றது. குறி, அடையாளம் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது அது. குறித்த காலம் என்பது அதன் கருத்து. ஹஜ்ஜுக் காலத்திற்கும் மவ்ஸிம் என்றே பெயர். நம் தமிழர் 'பருவக்காற்று' என்றதும் ஏறக்குறைய இதே கருத்தில்தான். காற்றுக்குக் குறித்த காலம் உண்டு என்பதை அரபு மாலுமிகள் கண்டறிந்து, நாட்கணக்காக வகுத்து எழுதியும் வைத்தனர். ஜுல்ஃபாரில் பிறந்த அஹ்மத் இப்னு மாஜித் ஹிஜ்ரி 895-இல் (1489-90) முடித்த 'அல்ஃபவாயித்' நூலில், நைரூஸ் ஆண்டுப் பிறப்பிலிருந்து இத்தனையாவது நாள் இன்ன துறையிலிருந்து பாய் விரிக்கலாம் என்று கணக்கிட்டுத் தந்திருக்கிறார். (வாஸ்கோடகாமாவுக்கு வழிகாட்டி வந்தவர் இவரே என்ற பழங்கதையை ஆராய்ச்சியாளர் பலர் இன்று ஏற்பதில்லை. அப்பழி அவரைவிட்டு நீங்கியதில் நமக்கு மகிழ்ச்சியே.) அவருக்குப் பின் வந்த ஸுலைமான் அல்மஹ்ரீயும் இத்துறையில் நூல்கள் இயற்றினார். தென்மேற்குக் காற்று முழு வேகத்தில் வீசும் மாதங்களை அவர்கள் 'கடல் அடைபடும் காலம்' என்று அழைத்தனர். அக்காலத்தில் கலம் செலுத்துவது அறிவுடையோர் செயலாகக் கருதப்படவில்லை.

குறித்த காலம் அறிந்தவர்க்கும் புயல் தப்பாமல் வந்ததுண்டு. 1554-இல் உதுமானியக் கடற்படைத் தளபதி ஸீதி அலீ, பஸராவிலிருந்து சூயஸுக்குக் கொண்டுசெல்லவேண்டிய கப்பல்களோடு அரபிக் கடலில் பெரும்புயலில் அகப்பட்டு, குஜராத்துக் கரையில் ஒதுக்கப்பட்டார். கப்பல்களை இழந்து, தரைவழியே நாடு திரும்ப நேர்ந்தது. அப்புயலுக்கு மாலுமிகள் வழங்கிய பெயரை அவர் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார்: 'யானைத் தூஃபான்'. எப்போது வரும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். எதனால் வருகிறது என்பதை அறியும் கருவிகள் அவர்களிடம் இல்லை.

அந்த 'எதனால்' என்பதற்கு விடை தேடும் பணியும் வங்கக் கடலையொட்டியே தொடங்கியது. 1789-இல் கோதாவரி முகத்துவாரத்துக் கொரிங்கா துறையைக் கடல் புகுந்து அழித்தது. அந்நிகழ்ச்சியையும் பிற புயல்களையும் ஆராய்ந்த கல்கத்தா அதிகாரி ஹென்றி பிடிங்டன், காற்று வட்டமாகச் சுழல்வதைக் கண்டு, 1848-இல் 'சைக்ளோன்' என்னும் பெயரைப் படைத்தார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது. 1864-இல் கல்கத்தாவைப் பெரும்புயல் பாழாக்கியது. அதையடுத்துப் பஞ்சங்களும் வந்தன. இவற்றின் விளைவாக 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது.

இனி 1977-க்கு வருவோம். நவம்பர் 8-ஆம் நாள் வங்கக் கடலின் தென்பகுதியில் தாழ்வழுத்தம் ஒன்று உருவாயிற்று. அது புயலாக வலுத்து, 12-ஆம் நாள் வைகறைக்கு முன் நாகப்பட்டினத்திற்குச் சற்றுத் தெற்கே கரை கடந்தது. ஹிஜ்ரி 1397, துல்கஃதா முடிந்து துல்ஹஜ் பிறக்கும் வேளை அது. கரை கடந்த பின்னும் அப்புயல் எளிதில் தளரவில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் மணிக்கு 120 கிலோமீட்டர் அளவில் காற்று வீசியது. திருச்சி நகருக்குள் வெள்ளம் புகுந்தது. 560 பேர் மாண்டனர். பத்து இலட்சம் மக்கள் வீடிழந்தனர். 23,000 கால்நடைகள் இறந்தன. அன்றே அது தீபகற்பத்தைக் கடந்து அரபிக் கடலில் இறங்கி, மீண்டும் வலுப்பெற்று, திரும்பி வந்து கருநாடகக் கரையையும் தாக்கியது.

முதற்புயலின் துயர்நீக்கும் பணி தொடங்கியிருந்த அந்நாட்களிலேயே, 14-ஆம் நாள், தென்கிழக்கு வங்கக் கடலில் அடுத்தது கருக்கொண்டது. தமிழகக் கரையை நோக்கி வருவதுபோல் மேற்கே நகர்ந்த அது, பின்னர் வடக்கே திரும்பி, 19-ஆம் நாள் மாலை ஆந்திரத்தின் நிஜாம்பட்டினத்தை ஒட்டிக் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவை எட்டியது. அதைவிடக் கொடியது கடல். கிருஷ்ணை ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள திவிசீமையில் ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயரத்திற்குக் கடல்நீர் எழுந்து, ஊர்களின்மேல் நடந்து சென்றது. அரசுக் கணக்கின்படியே இறந்தவர் தொகை பத்தாயிரத்தை ஒட்டியது. உண்மைத் தொகை அதனினும் மிகுதி என்போர் உண்டு. ஹாஜிகள் அரஃபாத்துக்குப் புறப்படும் நாள் நெருங்கியிருந்தது. தியாகத் திருநாளுக்குச் சில நாட்களே இருந்தன.

இவ்விரு புயல்களின் தோற்றத்தை அறிய, புயல் எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். அதற்குத் தேவை கடலின் வெப்பம். மேற்பரப்பு மட்டும் சூடேறியிருந்தால் போதாது. பல மீட்டர் ஆழம்வரை 26 அல்லது 27 பாகைக்குக் குறையாத வெப்பம் வேண்டும். சூடான நீர் ஆவியாகி எழுகிறது. உயரே சென்று குளிர்ந்து மேகத்துளியாக மாறும்போது, ஆவியாவதற்குக் கடலிடமிருந்து பெற்ற வெப்பத்தை அப்படியே காற்றில் விடுகிறது. அவ்வெப்பத்தால் காற்று மேலும் எழுகிறது; அடியில் அழுத்தம் குறைகிறது; சுற்றிலுமிருந்து ஈரக்காற்று விரைந்து வந்து சேர்கிறது. அடுப்பே தனக்கு விறகைத் தானே இழுத்துக்கொள்வது போன்ற செயல் இது. உள்நோக்கி வரும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்புறம் திருப்பிவிடுவதால், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. நிலநடுக்கோட்டின்மேல் இந்தத் திருப்பும் விசை இல்லை. ஆகவே ஏறத்தாழ ஐந்து பாகைக்குள் புயல் பிறப்பது மிக அரிது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அந்த எல்லையையொட்டியே பிறந்தது என்பதால் வானிலை அறிஞர் அதைச் சிறப்பாகக் குறிப்பிடுவர்.

இன்னொன்றும் வேண்டும். கீழே வீசும் காற்றும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றும் திசையிலும் வேகத்திலும் பெரிதும் வேறுபடாதிருக்க வேண்டும். கீழே மேற்குக் காற்றும் மேலே கிழக்குக் காற்றும் கடுமையாக வீசினால், எழும்பிவரும் மேகத்தூண் சாய்ந்து முறிந்துபோகும். ஆடி, ஆவணியில் வங்கக் கடல் போதிய சூடாக இருந்தும் பெரும்புயல் அரிதாவதற்குக் காரணம் இதுவே. ஐப்பசியில் தென்மேற்குக் காற்று விலகி, இரு அரைக்கோளக் காற்றுகளும் சந்திக்கும் தாழ்வழுத்தப் பள்ளம் தெற்கே இறங்கி, நம் அகலாங்கில் வந்து நிற்கிறது. மேலும் கீழும் உள்ள காற்றுகளின் பகைமை தணிகிறது. கடலோ கோடையின் வெப்பத்தை இன்னும் இழக்கவில்லை. எனவேதான் நவம்பர் நமக்கு அஞ்சத்தக்க மாதமாகிறது.

இவ்விடத்தில் அரபு இலக்கணம் கற்றோர்க்கு ஒரு செய்தி நினைவுக்கு வரும். திருமறையில் காற்று அருளாக வரும் இடங்களில் பெரும்பாலும் 'ரியாஹ்' என்று பன்மையாகவும், தண்டனையாக வரும் இடங்களில் 'ரீஹ்' என்று ஒருமையாகவும் வருவதை விரிவுரையாளர் சுட்டிக்காட்டியுள்ளனர். யூனுஸ் அத்தியாயத்தில் கப்பலைச் செலுத்தும் நற்காற்று ஒருமையில் வருவது விதிவிலக்கு. கப்பலுக்கு ஒருதிசைக் காற்றே நலம் என அதற்கு விளக்கம் கூறுவர். பல காற்றுகள் ஒன்றையொன்று முறித்துக்கொண்டிருக்கும்வரை கடலோரம் பிழைக்கிறது. அடிமுதல் முடிவரை காற்று ஒன்றாகிவிட்டால் புயல் எழுகிறது. இதைக்கொண்டு திருமறை வானிலை நூல் என்று வாதிட நாம் முனையவில்லை. அத்தகைய வாதங்கள் திருமறைக்கும் நலம் செய்வதில்லை, விஞ்ஞானத்திற்கும் நலம் செய்வதில்லை. சொல்லழகு கண்டு வியப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வங்கக் கடலுக்கென்று ஒரு தனித்தன்மையும் உண்டு. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணை ஆகிய ஆறுகளெல்லாம் மழைக்காலம் முழுவதும் கொட்டிய நன்னீர், உப்புநீரைவிட இலேசாக இருப்பதால் மேலே மிதக்கிறது. பொதுவாகப் புயல் கடலைக் கலக்கும்போது அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வரும். அது புயலுக்கே தடையாகும். வங்கக் கடலில் இந்த நன்னீர்ப் போர்வை அந்தக் கலக்கத்தைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. ஒரு புயல் சென்ற பின்னும் கடல் அடுத்ததற்கு ஆயத்தமாகவே இருக்கிறது. அரபிக் கடலைவிட வங்கக் கடலில் நான்கு மடங்கு புயல்கள் தோன்றிவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1977-இன் இரண்டாம் புயல் முதற்புயலின் தடத்தைவிட்டு வடக்கே திரும்பியதால், கலக்கப்படாத கடலின் வெப்பமும் அதற்குக் கிடைத்தது என்று கருத இடமுண்டு.

சில ஆண்டுகளில் மட்டும் இக்காரணங்களெல்லாம் ஒன்றுசேர்வதேன்? இவ்வினாவுக்கு முதல் நூலிழையைக் கண்டெடுத்தவர், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர். கணித மேதையான அவர், இந்திய மழை பொய்க்கும் ஆண்டுகளை முன்கூட்டி அறியும் பொருட்டு உலகெங்குமுள்ள அழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டார். பசிபிக் பெருங்கடலின் கிழக்கே அழுத்தம் குறைந்தால் இந்துப் பெருங்கடல் பக்கம் கூடுவதையும், இது மாறி மாறி ஊஞ்சல்போல் நிகழ்வதையும் கண்டு, 'தென் அலைவு' என்று பெயரிட்டார். பெரு நாட்டுக் கடல் சில ஆண்டுகளில் சூடேறும் எல் நினோ நிகழ்ச்சியோடு இவ்வலைவு பிணைந்தது என்பதை 1969-இல் பியர்க்னெஸ் விளக்கினார். சிம்லாவில் அமர்ந்து நம் மழையைத் தேடியவர் பசிபிக்கின் இரகசியத்தைக் கண்டது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

எல் நினோ ஆண்டில் நாட்டின் பிற பகுதிகளில் தென்மேற்கு மழை குன்றுவதும், தமிழகத்தில் வடகிழக்கு மழை மிகுவதும் பெரும்பான்மை. எதிர்நிலையான லா நினா ஆண்டில் வங்கக் கடலில் கடும்புயல்கள் மிகுவதாக ஆய்வாளர் காண்கின்றனர். 1977-78 சிறியதோர் எல் நினோவாகவே கணக்கிடப்படுகிறது. எனவே அதைக்கொண்டு மட்டும் திவிசீமையின் அழிவுக்குக் காரணம் கூறிவிட இயலாது. 1971-இல் மேடன், ஜூலியன் என்னும் இருவர் கண்டறிந்த மற்றோர் அலைவும் உண்டு. மழைமேகக் கூட்டம் ஒன்று முப்பது முதல் அறுபது நாட்களில் நிலநடுக்கோட்டைச் சுற்றிக் கிழக்கே செல்கிறது. அது இந்துப் பெருங்கடலின்மேல் நிற்கும் ஓரிரு வாரங்களில் புயல்கள் அடுத்தடுத்துத் தோன்றுவதும், கடந்து சென்றபின் கடல் அமைதியடைவதும் பொதுவாகக் காணப்படுவன. புயல்கள் கூட்டமாக வருவதற்கு இன்று கூறப்படும் தலையாய விளக்கம் இதுவே.

காரணங்கள் இரு புயல்களுக்கும் பெரும்பாலும் பொதுவானவை. விளைவோ வேறு. காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால், மேற்கு நோக்கி வரும் புயலின் வலப்புறத்தில், அதாவது வடபுறத்தில், காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். இடப்புறத்தில் கரையிலிருந்து கடலுக்கு வீசும். வலப்புறத்தில் அகப்பட்ட ஊரில் கடல் ஏறும். நாகப்பட்டினமும் வலப்புறத்திலேயே இருந்தது. திவிசீமையும் வலப்புறத்திலேயே இருந்தது. ஆனால் ஆந்திரத்தைத் தாக்கியது பன்மடங்கு வலியது. ஆழமற்று நெடுந்தூரம் சரிந்து செல்லும் கடலடியில் வரும் நீர்த்திரள், பரவ இடமின்றி உயர்ந்தே தீரும். கரையிலோ ஆற்றுவண்டல் படிந்த தட்டையான நிலம். ஏறி நிற்க ஒரு மேடு இல்லை. 1970-இல் இதே நவம்பர் 12-ஆம் நாள் இரவில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவுப் பகுதியில் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்கள் மாண்டதும் இதே வகையில்தான். உலகின் புயல்களில் நூற்றுக்கு ஐந்தாறே வங்கக் கடலில் தோன்றுகின்றன; எனினும் உலகில் புயலுக்குப் பலியானோரில் பெரும்பாலார் இக்கடலின் கரையில் வாழ்ந்தவர்களே. அம்மக்களின் வறுமையும், குடிசையும், ஆற்றுமுகத்துத் தாழ்நிலமும் இதில் கடலுக்குத் துணை நின்றன.

பேரழிவு நேரும்போதெல்லாம் மேடைகளில் ஒரு பேச்சு எழுவதை நாம் கேட்டுவருகிறோம். மக்களின் பாவமே புயலாக வந்தது என்பர். ஆது சமூகத்தை ஏழு இரவும் எட்டுப் பகலும் வாட்டிய காற்றை எடுத்துக்காட்டுவர். இதை நாம் கடுமையாக மறுக்கிறோம். ஆது சமூகத்திற்கு முன்னே ஹூத் நபி (அலை) அவர்கள் வந்து எச்சரித்தார்கள். தூதரை அனுப்பி எச்சரிக்காமல் எச்சமூகத்தையும் இறைவன் தண்டிப்பதில்லை என்பது மதரஸாவின் தொடக்க வகுப்பிலேயே கற்பிக்கப்படும் கொள்கை. திவிசீமையின் மீனவர்க்கும் கூலியாட்களுக்கும் எந்தத் தூதர் வந்து, எதை அவர்கள் மறுத்தனர்? நீரில் மூழ்கி இறந்தோரையும் இடிபாட்டில் சிக்கி இறந்தோரையும் ஷஹீதுகளின் வரிசையில் நாயகம் (ஸல்) அவர்கள் வைத்திருக்க, நாம் அவர்களைப் பாவிகளின் வரிசையில் வைப்பது எத்துணைத் துணிவு! நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது, அம்மறைவுக்காகவே சூரியன் இருண்டது என மக்கள் பேசினர். அதை ஏற்றுக்கொண்டிருந்தால் மறுப்பார் யாருமில்லை. ஆயினும் எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை என அவர்கள் தெளிவாக அறிவித்தார்கள். படைப்பின் ஒழுங்கை மனிதர் தம் கதைகளுக்கு ஏற்ப வளைப்பதை அவர்கள் தம் துயரின் நடுவிலும் அனுமதிக்கவில்லை.

பாவத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் வேறு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதே இப்பேச்சின் தீங்கு. 1977-இல் வானொலியில் எச்சரிக்கை சொல்லப்பட்டது. கேட்டவர் எங்கே போவது? உயர்ந்த கட்டடம் இல்லை, ஏற்றிச் செல்ல வண்டி இல்லை. அதன்பின்னர் ஆந்திரக் கரையில் புயற் காப்பிடங்கள் கட்டப்பட்டன. 1980-களில் இன்சாட் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடும் வந்தது. 1990 மே மாதம் அதே கிருஷ்ணை முகத்துவாரத்தை அதே போன்ற வலிமையுடைய புயல் தாக்கியபோது, இலட்சக்கணக்கானோர் முன்கூட்டியே அகற்றப்பட்டனர். இறந்தோர் ஆயிரத்துக்கும் குறைவு. ஒடிசாவில் 1999-இல் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைப் பலிகொண்ட கரையில், 2013-இல் பைலின் புயல் வந்தபோது ஐம்பதுக்கும் குறைவானவரே மாண்டனர். காற்று இரக்கம் கொள்ளவில்லை. பத்து இலட்சம் மக்கள் வழியிலிருந்து விலகியிருந்தார்கள்.

விலகுவது விதியை மறுப்பதாகுமா என்ற ஐயம் நம்மவரில் சிலருக்கு இன்றும் உண்டு. உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாடு நோக்கிச் சென்றபோது, ஸர்க் என்னுமிடத்தில், அங்குக் கொள்ளைநோய் பரவிய செய்தி எட்டியது. தோழர்களோடு கலந்து, திரும்பிச் செல்ல முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என அபூஉபைதா (ரலி) வினவினார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின் பக்கமே செல்வதாகக் கூறி, பசுமையான கரையும் வறண்ட கரையும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எக்கரையில் மேய்த்தாலும் அது விதியே அன்றோ என விளக்கினார்கள் உமர் (ரலி). பின்னர் அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) நபிமொழியை எடுத்துக்காட்டி அம்முடிவு சரியென உறுதி செய்தார்கள். கடற்கரைப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில் புயல் எச்சரிக்கையை அறிவிக்கத் தயங்குவோர் இந்நிகழ்ச்சியை மறுபடி படிக்கவேண்டும்.

காற்றைப் போலவே மழையும் கொல்லும் என்பதை 2015 காட்டியது. அவ்வாண்டு மிக வலிய எல் நினோ. வங்கக் கடலிலிருந்து நம் கரைக்குப் பெரும்புயல் ஒன்றுகூட வரவில்லை, தாழ்வழுத்தங்களே வந்தன. எனினும் டிசம்பர் 1-ஆம் நாள் தொடங்கிய ஒரு நாள் மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட, அடையாற்றின் கரைகள் மூழ்கின. அத்திறப்பைத் தணிக்கைத் துறையும் பின்னர்க் குறைகூறியது. அதே நவம்பரில் அரபிக் கடலில் சபாலா, மேக் என்னும் இரு கடும்புயல்கள் ஒரே வார இடைவெளியில் யமன் நாட்டைத் தாக்கின. சுக்குத்ரா தீவு இரண்டினாலும் துன்புற்றது. காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் தம் முன்னோர் வந்ததாகக் கூறும் ஹள்ரமவ்த் கரையில் மழையே அருமை. அங்குப் புயல் நுழைந்தது. இந்துப் பெருங்கடலின் மேற்குப்பகுதி கிழக்கைவிடச் சூடேறும் 'இருமுனை' நிலை, 1999-இல் அறிவியலார் பெயரிட்டு விளக்கியது, அவ்வாண்டு எல் நினோவோடு சேர்ந்திருந்தது. 1977-இல் நம் கடலில் நிகழ்ந்த இரட்டைப் புயல் 2015-இல் இப்னு மாஜிதின் கடலுக்கு இடம் மாறியது எனலாம்.

மழையைத் தாங்குவது ஏரியின் வேலை. காஞ்சி மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையால் புகழ்பெற்றவை. அவற்றைத் தேர்தல் வரலாறாக மட்டுமே பலர் படிக்கின்றனர். குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஏரி வாரியம் ஒன்று என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. கரையைக் காப்பதும், தூர் எடுப்பதும் ஊர் முழுவதன் பொறுப்பாக இருந்தன. இம்மாவட்டத்தின் ஏரிகள் ஒன்றன் மிகைநீர் அடுத்ததற்குச் செல்லுமாறு சங்கிலியாகப் பிணைக்கப்பட்டவை. கலங்கல் அடைபட்டாலோ, வரத்துக்கால் வீட்டுமனையாக மாறினாலோ சங்கிலி அறுகிறது. 2015-இல் சென்னைப் புறநகர்களில் படகு ஓடிய தெருக்களில் சில, பழைய வரைபடத்தில் ஏரிகளாகவே இருக்கின்றன.

கடல் இன்று முன்னைவிடச் சூடாக இருக்கிறது. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது தாங்கும் ஈரம் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். மழை அதற்கேற்ப கனக்கும். அரபிக் கடலில் புயல்கள் மிகுந்து வருவதாகவும், தாழ்வழுத்தம் மிக விரைவில் கடும்புயலாகி விடுவதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி ஒரு நாளுக்குள் புயலாக வலுத்தபோது, பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர்க்கு எச்சரிக்கை எட்டவில்லை, நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. கரையில் தீர்ந்த குறை கடலில் இன்னும் தீர்ந்தபாடில்லை.

2004 முதல் நம் கடல்களின் புயல்களுக்குச் சுற்றியுள்ள நாடுகள் பெயர் சூட்டி வருகின்றன. முதற்பெயரான ஓனில் வங்கதேசம் தந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரியருகே கரையேறி, நகராமல் நின்று, மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவில் கொட்டிய ஃபெஞ்சலின் பெயர் சவூதி அரேபியா கொடுத்தது. அரபு நாட்டார் காப்பி அருந்தும் சிறு கோப்பையை ஃபின்ஜான் என்றும், வளைகுடாப் பேச்சில் ஃபின்ஜால் என்றும் கூறுவர். இப்பெயர் அதை ஒட்டியதாகவே நமக்குப் படுகிறது. ஃபின்ஜான் பாரசீகப் 'பிங்கான்' என்பதன் அரபு வடிவம். நம் வீடுகளில் வழங்கும் பீங்கானும் அச்சொல்லே. 1977-இன் இரு புயல்களுக்கு இத்தகைய பெயர் எதுவும் இல்லை. முதலாவதை நாகப்பட்டினத்துப் புயல் என்கிறோம். இரண்டாவதைத் தெலுங்கர் புயல் என்றுகூடச் சொல்வதில்லை. திவிசீமை உப்பென என்பர். உப்பென என்றால் அவர்கள் மொழியில் பொங்கிவரும் கடல்வெள்ளம்.